அளந்தது குற்றமா?

புதன்கிழமை எங்கள் திருகோணமலைப் பல்கலைக்கழக வளாக மண்டபத்தில் நடந்தது இதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். வளாகத்தின் மின்சாரம், தண்ணீர், குப்பை எல்லாவற்றையும் மூன்று மாதம் அளந்து பிள்ளைகள் ஒரு அறிக்கை கொண்டுவந்தார்கள். மண்டபத்தில் இருந்தவர்கள் அவர்களைப் பாதியில் நிறுத்தி, "வளாகத்தின் மானத்தை வாங்கவா படிக்க வந்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் என் தங்கச்சியும் ஒருத்தி. அதனால்தான் எழுதுகிறேன் என்று நினைத்தால் நினையுங்கள்.

அவர்கள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அளந்தார்கள். விடுதிக்குப் பின்னால் ஒழுகுகிற குழாயின் கீழே ஒரு லீற்றர் போத்தலை வைத்துத் தங்கச்சி போனில் நேரம் பார்த்திருக்கிறாள். நான்கு நிமிடத்தில் நிறைந்துவிட்டது. நாளுக்கு 360 லீற்றர்! எங்கள் கரையோரம் மணல் நிலம், அடியில் கிடக்கிற நல்ல தண்ணீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல்நீர் உள்ளே வந்துவிடும். ஆவணியில் எங்கள் கிணறு கரிக்கத் தொடங்கினால் அம்மா தேத்தண்ணீருக்கு மட்டும் நாலு வீடு தள்ளிப் போய்க் குடத்தில் கொண்டுவருவா. அதைப் பார்த்து வளர்ந்தவள் அந்தக் குழாயைக் கடந்து சும்மா போவாளா?

"ஹோட்டல்களை விட்டுவிட்டு ஏன் வளாகத்தைப் பிடிக்கிறீர்கள்?" என்கிறார்கள். ஹோட்டல்காரர் கேட்டைத் திறந்து விடுவாரா? இது அவர்கள் இருக்கிற இடம். "கணக்குப் பிழை" என்கிறார்கள். சரி, இருக்கலாம். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வரும், அந்தக் கணக்குக்கு ஜெனரேட்டர் பதிவுப் புத்தகத்தைக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. ஊகித்துப் போட்டு, ஊகம் என்று எழுதியும் இருக்கிறார்கள். புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் பிழை பிடியுங்கள்.

கன்ரீன் குப்பையை ஒரு வாரம் கொட்டிப் பிரித்து எடை பார்த்தார்கள். 2017 இல் தடைசெய்த பொலித்தீன் லஞ்ச் சீற், சோறு சுற்றுகிற தாள், இன்னும் அதில் கிடக்கிறது. கோட்டைப் பக்கம் மான் பொலித்தீன் மெல்வதைப் பார்த்து மனம் நொந்தவர்கள்தானே நாங்கள்? சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வந்தால் சாம்பல் எங்கே போகும், கடல் என்னாகும் என்று கேட்ட ஊர் இது. 2016 இல் அது கைவிடப்பட்டபோது எவ்வளவு சந்தோசப்பட்டோம். அதே கேள்வியை எங்கள் பிள்ளைகள் தங்கள் விடுதியைப் பார்த்துக் கேட்டால் மட்டும் மானம் போய்விடுமா?

நானும் அங்கே படித்தவன்தான். தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிவதை ஒருமுறை சொல்லப் போய், "வாயை மூடு" என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வந்தவன். நான் அளக்கவில்லை. இவர்கள் அளந்தார்கள்.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. "அண்ணா, நாங்க அளந்தது பிழையா?" என்று மட்டும் கேட்டாள். அந்த அறிக்கை இருபத்திரண்டு பக்கம்தான். மண்டபத்தில் இருந்தவர்கள் யாராவது அதை வாங்கி முழுதாக வாசியுங்கள், வாசித்துவிட்டு அவளிடம் பேசுங்கள்.