சீவி எறிந்த பலகையில் ஒரு கோள்

சூரியன் வால்மீன் போலப் பாய்ந்து செல்ல, கோள்கள் அதன் பின்னால் சுருள் சுருளாக இழுபட்டுப் போகும் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'பள்ளியில் படித்ததெல்லாம் பொய்' என்ற முன்குறிப்போடு நேற்று எனக்கு மறுபடியும் வந்து சேர்ந்தது. ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ! இசை நன்றாகவே இருக்கிறது.

அதில் பாதி உண்மை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சூரியன் ஓரிடத்தில் நிற்பதில்லை. பால்வீதியின் மையத்தைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கோள்களும் கூடவே ஓடுவதால் அவற்றின் தடம் சுருள்தான். ஆனால் காணொளியில் சூரியன் எப்போதும் முன்னால், கோள்கள் எப்போதும் பின்னால். கோள்கள் சுற்றும் தளமோ சூரியன் ஓடும் திசைக்குச் சுமார் 60 பாகை சாய்ந்திருக்கிறது. ஆகவே பூமி ஆண்டில் ஆறு மாதம் சூரியனை முந்திக்கொண்டு போகும், அதிகபட்சம் ஏழரைக் கோடி கிலோமீட்டர் வரை. மீதி ஆறு மாதம் பின்தங்கும். காணொளியில் இந்தக் கணக்கு இல்லை. வேறு எந்தக் கணக்கும் இல்லை. என் சண்டை அதனோடுதான்.

மாற்றுக் கருத்து என்றாலே இவனுக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு மிகப் பிடித்த கோளே இல்லாத ஒரு கோள்தான்: வல்கன்.

யுரேனஸ் கணக்கிட்ட பாதையில் போகாமல் விலகியபோது, அதற்கு அப்பால் இன்னொரு கோள் இழுக்கிறது என்று பிரான்சின் வானியலாளர் லெவெரியே காகிதத்திலேயே கணக்குப் போட்டார். அவர் எழுதிய கடிதம் பெர்லின் வானாய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்த 1846 செப்டம்பர் 23 இரவே, அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் அகப்பட்டது. அடுத்து புதன். அதன் நீள்வட்டப் பாதை, தெரிந்த கோள்களின் இழுப்பு போக, நூறாண்டுக்கு 38 விகலை கூடுதலாகத் திரும்புகிறது என்று 1859-இல் கண்டார் (பின்னாளில் அது 43 ஆகத் திருத்தப்பட்டது). ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு. அந்தத் துளிக்காகச் சூரியனருகே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார்.

லெஸ்கார்போ என்ற கிராமத்து மருத்துவர், சூரியன் மேல் ஒரு கரும்புள்ளி கடந்ததைப் பார்த்ததாக எழுதினார். லெவெரியே முன்னறிவிப்பு இல்லாமல் அவர் வீட்டுக்கே போய்க் குறுக்கு விசாரணை செய்தார். மருத்துவரிடம் இருந்தது நிமிட முள் மட்டுமே உள்ள பழைய கடிகாரம். கணக்குக் குறிப்புகள் எங்கே என்று கேட்டால், மரப்பலகையில் எழுதுவேன், முடிந்ததும் இழைப்புளியால் சீவிவிடுவேன் என்றாராம்! அத்தனை கறாரான மனிதர் அதையும் நம்பினார். கோளுக்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பிறகு கிரகணத்துக்குக் கிரகணம் தேடினார்கள். நம்பத்தக்க எதுவும் கிடைக்கவில்லை. நம்பிக்கை மாறாமலே 1877-இல் லெவெரியே இறந்தார், அதுவும் செப்டம்பர் 23 அன்று. 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் என்ற ஈர்ப்புக் கோட்பாடு அந்த 43 விகலையை எந்தக் கோளும் இல்லாமலே கொடுத்தது.

ஒரே மனிதர், ஒரே முறை. ஒன்று பலித்தது, ஒன்று பொய்த்தது. பொய்த்தது என்று நம்மால் சொல்ல முடிந்ததே அவர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போனதால்தான்.

வெள்ளி, வியாழனிலிருந்து பிய்ந்து வால்மீனாகத் திரிந்து பூமியை நெருங்கிப் போனது என்று 1950-இல் எழுதிய வெலிகோவ்ஸ்கியின் அன்பர்கள், 'வெள்ளி கொதிக்கும் என்று அப்போதே சொன்னாரே' என்பார்கள். கொதிக்கிறதுதான், 460 செல்சியஸ் அளவுக்கு. ஆனால் காரணம் கரியமில வாயுப் போர்வை. அதன் மேகங்களில் ஹைட்ரோகார்பன் என்றும் சொன்னார். இருப்பது கந்தக அமிலம். அதைப் பற்றி அன்பர்கள் வாய் திறப்பதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

நெப்டியூனுக்கு வெகு அப்பால் ஒன்பதாம் கோள் இருக்கலாம் என்று 2016-இல் பாட்டிகின், பிரவுன் என்ற இரு வானியலாளர்கள் கணக்கோடு வந்தார்கள். இன்னும் அகப்படவில்லை. ஆனால் எவ்வளவு எடை, எவ்வளவு தொலைவு, வானில் எந்தப் பக்கம் தேடுவது என்று சொல்லியிருக்கிறார்கள். தோற்றாலும் நான் அவர்கள் கட்சி.