டிபனா, டிபினா?

பேரன்: பாட்டி, போனைக் காதில் வைக்காதீர்கள். இது வீடியோ. டாக்டருக்கு உங்கள் தோடு மட்டும்தான் தெரியும்.

பாட்டி: ஏழு கல் தோடுதானே, பார்க்கட்டும்.

பேரன்: இன்னும் யாரும் வரவில்லை. நமக்கு முன்னால் நான்கு பேர்.

பாட்டி: வீட்டிலேயே பார்க்கலாம் என்றாய், இங்கேயும் வரிசையா? ஆஸ்பத்திரி வரிசையென்றால் பக்கத்தில் இருப்பவளிடம் மருமகளைப் பற்றியாவது பேசலாம். அது கிடக்கட்டும், போனில் எழுதித்தரும் சீட்டு கடையில் செல்லுமா?

பேரன்: செல்லும். மத்திய அரசு 2020 மார்ச்சிலேயே விதிமுறை வெளியிட்டுவிட்டது. அந்த மாத்திரை அட்டையைக் கொடுங்கள். அடடா, கடைக்காரர் பெயரோடு சேர்த்து வெட்டிவிட்டாரே! ‘டிபின்’ என்று வால் மட்டும் இருக்கிறது.

பாட்டி: ஆயிற்று. இரண்டு இட்லி.

பேரன்: டிபன் இல்லை பாட்டி, டிபின்.

பாட்டி: அதுதான் காலையிலேயே ஆயிற்று என்கிறேனே.

பேரன்: மாத்திரையின் பெயர்! அம்லோடிபின். ரத்த அழுத்தத்துக்கு.

பாட்டி: டிபனுக்கு முன்னாலா, பின்னாலா?

பேரன்: டாக்டர் வந்துவிட்டார், கேமராவைப் பாருங்கள்!

(மூன்று நிமிடம் கழித்து)

பேரன்: பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம்!

பாட்டி: யாருக்கு? எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். நன்றாக இருக்கிறார்கள் என்று நீ சொன்னாய். தூக்கம் வருகிறதா என்றார். வருகிறது என்றாய். ராத்திரி இரண்டு மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவள் நான். உன் அறையில் போன் வெளிச்சம் தெரிகிறது, ஆள் வந்து எட்டிப் பார்த்ததில்லை.

பேரன்: உங்களைப் பேசவிட்டால் 1974 பிரசவத்திலிருந்து ஆரம்பிப்பீர்கள்.

பாட்டி: அதில் பிறந்தவன்தான் உன் அப்பன். ஆரம்பிக்காமல் எப்படி?

பேரன்: சரி, எதைச் சொல்ல விட்டுவிட்டோம்?

(பாட்டி புடவையைக் கணுக்கால்வரை தூக்கி, விரலால் அழுத்துகிறாள். விழுந்த குழி அப்படியே நிற்கிறது.)

பேரன்: இது எப்போதிலிருந்து?

பாட்டி: உன் டிபன் மாத்திரையை ஐந்திலிருந்து பத்தாக்கினார்களே, அதிலிருந்து.

பேரன்: அந்த மாத்திரையால் சிலருக்குக் கால் வீங்கும் பாட்டி! சொல்லியிருக்கக் கூடாதா?

பாட்டி: சொல்ல வாயைத் திறந்தேன். கேமராவைப் பாருங்கள் என்று அதட்டினாய். கால் கீழே இருக்கிறது, கேமரா மேலே இருக்கிறது. நாளையிலிருந்து மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

பேரன்: ஐயோ, நீங்களாக நிறுத்தாதீர்கள். மறுபடி டோக்கன் போடுகிறேன்.

பாட்டி: போடு. நீ போனை மட்டும் பிடி.

பேரன்: இப்போது முன்னால் ஏழு பேர்.

பாட்டி: அப்படியானால் அடுக்களையில் மூன்று டிபின் மீதி இருக்கிறது. சட்டினியோடு சாப்பிட்டுவிட்டு வா.