ஒற்றை விரலால் சுற்றிக் காட்டினார்

இன்று காலையும் அதே விரல்தான். பட்டறை மெக்கானிக் என் பிக்கப் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றினார். இடது சக்கரத்தின் மேல் சுட்டுவிரலை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றி நின்றது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "நன்றாகத்தானே சுற்றுகிறது சார்?"

சுற்றும். ஏன் சுற்றாது? நேற்று மாலையே வண்டியைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். இரவு முழுவதும் நின்று ஆறிக் கிடந்த வண்டி. ஆறிய வண்டியில் அந்தச் சக்கரம் சுற்றும் என்று எனக்கும் தெரியும். நான் சொன்ன குறை ஓடிச் சூடான வண்டியைப் பற்றியது. பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் பிரேக் பெடல் மேலேயே நின்று கல்லாக இறுகிவிடுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி உருண்டு போவதில்லை, சேற்றில் இறங்கியதுபோல அப்படியே அமுங்கி நிற்கிறது. முன்சக்கரங்கள் இரண்டிலிருந்தும் தீய்ந்த நாற்றம் வருகிறது. இதை மூன்று முறை வாயால் சொன்னேன், நான்காம் முறை காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். "சூடான பிறகு" என்ற சொற்களுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன். அந்தக் காகிதம் அவருடைய மேசையில் ஸ்பேனருக்கு அடியில் மடித்தபடியே கிடந்தது.

அடுத்து வலது சக்கரம். மறுபடியும் விரல், மறுபடியும் மூன்று சுற்று, மறுபடியும் அந்தப் பார்வை. உதவிப் பையனைக் கூப்பிட்டு பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்தான், விட்டான். விரல். சுற்றியது. "இன்னொரு முறை மிதிடா." மிதித்தான், விட்டான். சுற்றியது. இப்படி ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் சக்கரம் நிற்கும்வரை காத்திருந்து, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோலக் கையை விரித்தார். "பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து தூக்கிப் பார்க்கலாம், நானே ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்" என்றேன். வேலை குவிந்து கிடக்கிறதாம். ஐந்து முறை சுற்றிக் காட்ட இருந்த நேரத்தில் பாதி தூரம் போயிருக்கலாம்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. "பிரேக் பிடிக்கத்தானே சார் செய்கிறது? பிடிக்காமல் போனால்தான் ஆபத்து."

பிரேக் வேலையில் வயிறு வளர்க்கிற ஒருவர் இதைச் சொல்லலாமா? விடாமல் உரசும் பிரேக் அடுத்துப் போய்ச் சேரும் இடமே பிடிக்காத பிரேக்தான். உரசல் சூட்டைக் கிளப்புகிறது, சூடு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலுக்குப் போகிறது. டாட் 3 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நூற்றுக்கு நான்கு பங்குகூட வேண்டாம், 3.7 பங்கு நீர் சேர்ந்தாலே அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பழைய வண்டியில் எத்தனை பேர் காலாகாலத்தில் ஆயிலை மாற்றுகிறோம்? கொதித்தால் குழாய்க்குள் ஆவி, ஆவியை மிதித்தால் அது சுருங்குமே தவிர, பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனைத் தள்ளாது. பெடல் தரைவரை போகும், சுமையேற்றிய வண்டி நிற்காது. இறக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று அந்த மனிதர் ஒரு நொடி நினைத்துப் பார்த்திருந்தால் அந்தச் சொல் வாயிலிருந்து வந்திருக்காது.

இதற்கு முன்பு இரண்டு முறை அதே பட்டறைக்குப் போயிருக்கிறேன். முதல் முறை பிரேக் பேடுகளை மாற்றினார்கள். இரண்டாம் முறை டிஸ்க் இரண்டு, காலிப்பர் இரண்டு, எல்லாம் புதிது. கழற்றிய பேடுகளை அவர்களே என் கையில் கொடுத்தார்கள். நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன், நான்கும் ஒரே அளவு தேய்ந்திருந்தன. காலிப்பர் நகர்வதற்கான கம்பி (பின்) இறுகியிருந்தால் உள்பேடு ஒரு மாதிரியும் வெளிப்பேடு ஒரு மாதிரியும் தேய்ந்திருக்கும். பிஸ்டன் சிக்கியிருந்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் கொதித்திருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் சூடாகி ஒன்றுபோலத் தேய்ந்தால், கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில், மேலே, பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் இருக்கத்தான் அதிக வாய்ப்பு. சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டே நல்ல காலிப்பர்களைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். அதற்கும் பணம் கொடுத்தது நான்.

வீட்டுக்கு ஓட்டி வந்தேன். அவர் நன்றாகச் சுற்றுகிறது என்று சொன்ன அதே வண்டி வாசலுக்கு வரும்போது பெடல் கல்லாகிவிட்டது. சூடு ஆறுவதற்குள் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தினேன். விரல் வேண்டாம், இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு திருப்பினேன். அசையவில்லை. வலது பக்கமும் அப்படித்தான்.

பிறகு செய்த சோதனைக்கு வேண்டியது ஒரு சிறிய ஸ்பேனர், ஒரு துண்டு ரப்பர் குழாய், ஒரு காலி பாட்டில். இடது காலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் திருகான பிளீடர் நிப்பிளைக் கால் திருகு திறந்தேன். ஆயில் பீறிட்டுக் குழாய்க்குள் பாய்ந்தது. உடனே மூடினேன். சக்கரம் சுற்றியது! திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் கோளாறு காலிப்பரில், அதன் கம்பியில், இரும்பில். விட்டுவிட்டால் உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கிறது, காலிப்பர் மேல் பழி இல்லை. எழுந்துபோய் வலது சக்கரத்தைத் திருப்பினேன். அந்தப் பக்க நிப்பிளை நான் தொடவே இல்லை, அதுவும் சுற்றியது. என் வண்டியில் முன்சக்கரங்கள் இரண்டின் பிரேக்கும் ஒரே ஆயில் இணைப்பில் இருப்பவை. வலது பக்க அழுத்தம் தன் ஹோஸ் (காலிப்பருக்கு ஆயில் வரும் ரப்பர் குழாய்) வழியாக மேலே ஏறி, இடது ஹோஸ் வழியாக இறங்கி வெளியேறியிருக்கிறது. அப்படியானால் இரண்டு ஹோஸும் அடைபடவில்லை. பழைய வண்டிகளில் ஹோஸின் உள்சுவர் வீங்கி ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் அடைப்பது உண்டு, இரும்புப் பிடி துருவேறி ஹோஸை நெரிப்பதும் உண்டு. இங்கே அதுவும் இல்லை. ஒரு நிப்பிள், கால் திருகு, ஒரு நிமிடம். இரண்டு காலிப்பரும் இரண்டு ஹோஸும் குற்றமற்றவை என்று தீர்ப்பாகிவிட்டது. இந்த ஒரு நிமிடத்தைத்தான் மூன்று வருகையிலும் எனக்குத் தர மறுத்தார்கள்.

ஆயில் அளவைச் சரிசெய்துவிட்டு, மெதுவாக ஓட்டி மறுபடியும் சூடாக்கிக்கொண்டு வந்தேன். மறுபடியும் இறுகியது. இம்முறை நிப்பிளைத் தொடவில்லை. மாஸ்டர் சிலிண்டரை, மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் பூஸ்டரோடு பிணைக்கும் இரண்டு நட்டுகளைத் தளர்த்தி, சிலிண்டரை இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் இழுத்தேன். அவ்வளவுதான், இரண்டு சக்கரமும் விட்டன. சிலிண்டருக்குள் கோளாறு என்றால் அதை நகர்த்தியதால் மட்டும் விட்டிருக்காது. பூஸ்டரிலிருந்து வந்து மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பி, அதாவது புஷ் ராடு, நீளமாக இருக்கிறது.

அந்தப் பூஸ்டர் சில மாதங்களுக்கு முன் மாற்றியது. மாற்றியது அதே பட்டறை.

டிஸ்க் பிரேக்கில் காலிப்பர் பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் வளையம் மிதிக்கும்போது முறுகி, விட்டதும் தன் வடிவத்துக்குத் திரும்புகிறது, அந்தத் திரும்பலில் பிஸ்டன் மயிரிழை பின்வாங்குகிறது. அழுத்தம் மிச்சமில்லாமல் இறங்கினால்தான் அதுவும் நடக்கும். பின்சக்கர டிரம் பிரேக்கில் வலுவான ஸ்பிரிங் இருப்பதால் சிறிய மிச்ச அழுத்தத்தை அது சமாளித்துவிடும், முன்னால் முடியாது. சூடான ஆயில் விரிந்து தொட்டிக்குத் திரும்ப மாஸ்டர் சிலிண்டரில் ஊசித்துளை அளவுக்கு ஒரு வழி இருக்கிறது. ராடு கொஞ்சம் நீண்டு அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காவிட்டால், அதன் ரப்பர் அந்தத் துளையை மூடிக்கொள்கிறது. விரிந்த ஆயில் போக வழியின்றிப் பேடுகளை அழுத்துகிறது, அழுத்தினால் இன்னும் சூடு, சூட்டால் இன்னும் அழுத்தம். ஆறிய வண்டியில் விரலால் சுற்றினால் இதில் எது தெரியும்?

புதுப் பூஸ்டர் போடும்போது ராடின் நீளத்தை அளந்து சரிசெய்ய வேண்டும் என்பது பிரேக் வேலையின் அரிச்சுவடி. அளவு வண்டியின் கையேட்டில் இருக்கிறது, ராடின் நுனியில் திருகும் இருக்கிறது. அந்த அளவுக்கு நானே திருகி வைத்தேன். அதிகம் குறைத்தால் பெடல் ஆழமாக இறங்கும் என்பதால் பலமுறை அளந்தேன்.

மாலையில் அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "புஷ் ராடா? அதை நாங்கள் தொடவே இல்லையே சார்" என்றார். தொடவில்லை என்பதுதான் ஐயா என் குற்றச்சாட்டு! தொட வேண்டியதைத் தொடாமல், தொட வேண்டாத அத்தனையையும் கழற்றி மாற்றி, அதற்குக் கணக்கும் எழுதினீர்கள். காலிப்பர் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பொருத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

இரவு முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். காலை எடுத்தால் வண்டி உருண்டுகொண்டே போகிறது. நிறுத்திச் சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனேன், இதமான சூடுதான், நாற்றம் இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு அந்த உருளலை அனுபவித்துக்கொண்டு திரும்பும்போது, பின்னால் ஒருவர் ஹைபீமைப் போட்டுக்கொண்டு ஒட்டிக்கொண்டே வந்தார். மூன்று கண்ணாடியிலும் வெள்ளை வெளிச்சம், எதிரே வளைவு தெரியவில்லை. வேகத்தைக் குறைத்து வழிவிட்டேன், முந்தவில்லை. கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினேன், விளக்கைத் தாழ்த்தவும் இல்லை. முன்னால் போகிறவனின் கண்ணில் அந்த விளக்கை அடித்து இவர்களுக்கு ஆகப்போவது என்ன? தாழ்த்துவதற்கான பிடி ஸ்டீயரிங்கின் பக்கத்திலேயே, விரல் எட்டும் தூரத்தில் இருக்கிறது!