ஹெர்ஷி பேர்ஸ்: கரடியும் இல்லை, 1938-உம் இல்லை

"அமெரிக்காவின் ஹெர்ஷி பேர்ஸ் ஐஸ் ஹாக்கி அணி 1938-ல் தொடங்கியது, பென்சில்வேனியா காட்டுக் கரடிகளின் நினைவாகப் பெயர் வைத்தார்கள்" என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே தவறு.

ஹெர்ஷி, மில்டன் ஹெர்ஷி தன் சாக்லேட் தொழிற்சாலையைச் சுற்றி எழுப்பிய ஊர். அங்கே 1932-ல் உருவான அணிக்கு வைத்த பெயர் 'ஹெர்ஷி பார்ஸ்'. ஆம், சாக்லேட் பார்தான்! அடுத்த ஆண்டு 'சாக்லேட் பார்ஸ்' என்றே விளையாடினார்கள். பெயரில் விளம்பர வாடை அடிக்கிறது என்று நியூயார்க் விளையாட்டு எழுத்தாளர்கள் முணுமுணுத்தார்கள். அதனால் 1936-ல் ஓசை கிட்டத்தட்ட அப்படியே இருக்க, 'பார்ஸ்' 'பேர்ஸ்' (ஆங்கிலத்தில் கரடிகள்) ஆனது. கரடி வந்தது இப்படித்தான். இவ்வளவு சுவையான கதையை விட்டுவிட்டு காட்டுக்குப் போவானேன் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, 1938 எங்கிருந்து வந்தது? இன்று அமெரிக்கன் ஹாக்கி லீக் எனப்படும் தொடரில் பேர்ஸ் சேர்ந்த ஆண்டு அது. தேசிய ஹாக்கி லீகுக்கு ஒரு படி கீழே உள்ள இந்தத் தொடரில், அன்று முதல் இடைவெளியே இல்லாமல் ஆடிவரும் அணி இது. சேர்ந்த ஆண்டைப் பிறந்த ஆண்டாக எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம்.

அதற்கு முன்பே, 1936 டிசம்பரில், அணிக்குப் புது உள்ளரங்கமும் திறந்தாயிற்று. கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லேன் 1962-ல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்ததும் அதே அரங்கில்தான். பேர்ஸ் 2002-ல் ஜயன்ட் சென்டருக்கு இடம் மாறியது. 2024-ல் வென்றது அவர்களின் 13-வது கால்டர் கோப்பை, அதாவது அமெரிக்கன் ஹாக்கி லீக் சாம்பியன் பட்டம்.