சக்கரம் குறைந்தால் ஆபத்தா?

ரயிலில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரே சக்கரத் தொகுதி வைப்பது காசு மிச்சம் பிடிக்கும் வேலை, தடம் புரண்டால் பெட்டிகள் சிதறிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். நடந்தது நேர்மாறு. 1993 டிசம்பரில் வடக்கு பிரான்சில், மழையில் தண்டவாளத்துக்கு அடியில் மண் சரிந்து பள்ளம் விழுந்தது; முதல் உலகப் போர்க்காலப் பதுங்குகுழி இருந்த இடம் அது. மணிக்கு 294 கி.மீ. வேகத்தில் வந்த, இதே அமைப்புள்ள டிஜிவி என்ற பிரான்சின் அதிவேக ரயிலின் பின்பெட்டிகள் தடம் புரண்டன. ஆனாலும் கவிழவில்லை, ஒருவரும் சாகவில்லை. அடுத்தடுத்த பெட்டிகளின் முனைகள் ஒரே சக்கரத் தொகுதியின் மேல் அமர்ந்திருப்பதால், ரயில் எளிதில் மடங்குவதில்லை. அதற்காக எந்த விபத்தையும் தாங்கும் என்று சொல்ல வரவில்லை. குறை சொல்லத்தான் வேண்டுமென்றால் பராமரிப்பைச் சொல்லுங்கள்: பழுதான ஒரு பெட்டியை மட்டும் சட்டென்று கழற்ற முடியாது.