ஓதம் ஏறிய பழைய கடைச் சுவருக்கு சிமென்ட் மருந்தல்ல

"வேலூர், வாலாஜாபேட்டை பஜார்களில் உள்ள பழைய கடைச் சுவரில் ஓதம் ஏறினால், காரையைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசுங்கள், தீர்ந்தது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் தரை ஈரத்தை உறிஞ்சி, காரை வழியாக வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைக்கும். ஈரம் பூச்சையும் தாண்டி மேலே ஏறும். கூடவே வரும் உப்பு உள்ளே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். பிறகு பூச்சு பாளமாக விழும், செங்கல்லின் தோலையும் பிய்த்துக்கொண்டு.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உடைந்த சாக்கடையோ, உயர்த்திப் போட்ட ரோடோதான் பெரும்பாலும் காரணம். அதைச் சரிசெய்து, சுவரைக் காயவிட்டு, பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளுங்கள். கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். புதிய காரைக்கு நன்றாக நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, சவுடு இல்லாத மணல் 3 பங்கு கலக்குங்கள். பூசுமுன் சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டர் போதும். வெயில் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். மேலே வெள்ளை அடிக்கலாம், பிளாஸ்டிக் பெயின்ட் கூடாது.