மாடு வைத்திருக்கும் வீட்டுக்கும் நான்கு நாள் விடுப்பு வேண்டும்

தாராபுரம், காங்கேயம் பக்கங்களில் சம்பந்தம் பேச வருகிறவர்கள், மாப்பிள்ளை வீட்டுக் கட்டுத்தறியில் எத்தனை உருப்படி மாடு நிற்கிறது என்று விசாரிப்பது பழைய வழக்கம். அன்று அது வசதியை அறிவதற்கான கேள்வி. இன்று பெண்ணைப் பெற்றவர்கள் அதே கேள்வியை அச்சத்தோடு கேட்கிறார்கள். கறவை மாடு இருக்கும் வீட்டில் பெண்ணைக் கொடுத்தால், தீபாவளிக்குக்கூட அவள் இரண்டு நாள் சேர்ந்தாற்போல வந்து தங்க மாட்டாள் என்பது அவர்கள் போடும் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை ஏதும் இல்லை என்பதைக் கட்டுத்தறி வீட்டு மருமகளாகிய நானே சொல்ல முடியும்.

எங்களுடையது பெரிய பண்ணை அன்று. நான்கு கறவை மாடுகள், இரண்டு கிடேரிக் கன்றுகள், கொஞ்சம் வெள்ளாடு, கிளுவை வேலி போட்ட சிறிய கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், கிணற்றோரம் தீவனப்புல். கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருப்பதால் ஆட்டுக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை; மாமனார் காலையில் ஓட்டிவிட்டுப் பொழுது சாய அடைத்துவிடுவார். மாட்டுக்குத்தான் வீடு முழுவதும் கட்டுப்பட்டிருக்கிறது. கோழி கூவுவதற்கு முன்பே சாணம் வழித்து, மடி கழுவி, கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டி, பால் கறந்து, சொசைட்டி என்று நாங்கள் சொல்லும் பால் கூட்டுறவுச் சங்கத்தின் வண்டி போவதற்குள் கேனைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சோறு. பிற்பகலில் தீவனத் தட்டு அறுத்துப் போட்டு, தாழியில் தண்ணீர் நிரப்பி, தவிடும் புண்ணாக்கும் கலந்து வைப்பதற்குள் மாலைக் கறவை வந்துவிடும்.

இந்த வேலைகளில் எதுவும் தாங்க முடியாத அளவுக்குக் கடினமானதல்ல. களை வெட்டுவதைவிட, கடலை பறிப்பதைவிட இது இலகுவானதுதான். ஆனால் களையை நாளைக்கு வெட்டிக்கொள்ளலாம். கறவையைத் தள்ளிப்போட முடியாது. ஒரு வேளை கறக்காமல் விட்டால் மடி கல்லாக இறுகும், பால் தானாகச் சொட்டும், மடிநோய்க்கு வழி திறந்துவிடும். மடிநோய் வந்த காம்பு பல நேரங்களில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சினைப் பருவமும் 21 நாளுக்கு ஒருமுறைதான் வரும். காலையில் கத்துகிற மாட்டுக்கு அன்று மாலைக்குள் சினை ஊசி போட வேண்டும் என்பதால், அந்த நாளில் வீட்டில் ஆள் இல்லையென்றால் மூன்று வாரத் தீவனம் வீண்.

கறக்கும் கையை மாடு அடையாளம் வைத்திருக்கும் என்பது இன்னொரு கட்டு. பழகிய கை பட்டால்தான் அது பாலை இறக்கும். மிரண்டுவிட்டால் மடி நிறைய இருந்தும் இறக்காது. இறக்கிய பாலையும் சில நிமிடங்களுக்குள் கறந்துவிட வேண்டும். என் தம்பி மகளின் காதுகுத்துக்கு நான் போயிருந்த அன்று, என் வீட்டுக்காரர் என்னுடைய பழைய புடவை ஒன்றைத் தோளில் சுற்றிக்கொண்டு கறக்க உட்கார்ந்திருக்கிறார். ஊரில் பலரும் செய்கிற உபாயம்தான். மாடு புடவையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சற்று நேரம் அமைதியாக நின்றிருக்கிறது. அவர் தொண்டையைச் செருமியதும் ஆள் யாரென்று தெரிந்துகொண்டு, பால் போசியை ஒரே உதையில் கவிழ்த்துவிட்டது. மாமியார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்தேன், ஆனால் அதற்குப் பிறகு வெளியூரில் இரவு தங்கவில்லை.

உறவினர் வீட்டு விசேஷங்களில் நாங்கள் எப்போதும் முகூர்த்தத்துக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, மதியம் பேருந்து பிடிக்கும் கூட்டம். "ஏங்கண்ணு, கண்ணாலத்துக்கு முந்தின நாளே வந்திருந்தா என்னவாம்?" என்று ஓர் அத்தை கேட்டார். "பொழுதோட மாடு கறக்கோணுமில்லீங்க அத்தை" என்றேன். அவரும் மாடு வைத்திருப்பவர். மறு பேச்சுப் பேசவில்லை.

இதை விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நெல், சோளம், நிலக்கடலை உள்ளிட்ட 22 பயிர்களுக்கு ஒன்றிய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. அந்த விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம், விதை, உரம், கூலி ஆகியவற்றோடு குடும்பத்தார் கூலியில்லாமல் பார்த்த வேலைக்கும் ஒரு மதிப்பைக் கணக்கிட்டுச் சேர்க்கிறது. அந்த மதிப்பு போதுமா என்பது வேறு வழக்கு. கணக்கில் அதற்கென ஒரு பத்தியாவது இருக்கிறது. பாலுக்கு அப்படி ஓர் ஆதரவு விலையும் இல்லை, பத்தியும் இல்லை. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாயாக உயர்ந்தது. 2023 டிசம்பரில் அதன்மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. கையில் கிடைப்பதைக் கொழுப்பும் இதரச் சத்தும் முடிவு செய்கின்றன. தீவன மூட்டையின் விலை ஏறும்போதெல்லாம் விலையைக் கூட்டிக் கொடு என்று நாம் கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். வருடம் முழுவதும் ஒரு நாள்கூட ஓய்வில்லாத இரண்டு பேரின் வேலை அந்த விலையில் எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்காததற்குக் காரணம், அந்த இரண்டு பேரில் ஒருவராவது பெண்ணாக இருப்பதும், சொசைட்டி உறுப்பினர் அட்டை பெரும்பாலும் ஆணின் பெயரில் இருப்பதும் என்றே நான் நினைக்கிறேன்.

இதற்கு வழி கண்ட நாடு ஒன்று இருக்கிறது. பின்லாந்தில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் கால்நடை வைத்துப் பிழைக்கும் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 26 நாள் விடுப்பு சட்டப்படி உண்டு. அந்த நாட்களில் பயிற்சி பெற்ற மாற்று ஆள் பண்ணைக்கு வந்து கறவை, தீவனம், சாணம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். செலவை அரசு ஏற்கிறது. உடல் நலமில்லாமல் போனாலும் மாற்று ஆள் வசதி உண்டு. அந்த நாட்டின் செல்வம் நம்மிடம் இல்லை, மக்கள்தொகையும் வேறு என்று சொல்வீர்கள். உண்மை. ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று நம் ஊரில் இருக்கிறது: பக்கத்துப் பக்கத்து வீடுகளில் மாடு, எல்லாப் பாலும் வந்து சேரும் ஒரே சொசைட்டி.

நான் கேட்பது 26 நாள் அன்று, நான்கு நாள். கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். நூறு உறுப்பினர்கள், நாளுக்கு 800 லிட்டர் பால் வரும் ஒரு சொசைட்டி என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நான்கு நாள் என்றால் 400 நாள். மாற்று ஆள் ஒருவர் ஒரு வேளையில் இரண்டு வீடுகளைப் பார்த்தால் 200 நாள் கூலி. நாளுக்கு 800 ரூபாய் கொடுத்தாலும் ஆண்டுக்கு 1,60,000 ரூபாய். அந்தச் சொசைட்டிக்கு ஆண்டில் வரும் 2,92,000 லிட்டர் பாலுக்கு இதைப் பகிர்ந்தால் லிட்டருக்கு 55 காசு. சொசைட்டி லாபத்திலிருந்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் போனஸில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம்; விடுப்பு எடுக்கிறவர் ஒரு பங்கைக் கொடுக்கலாம்.

தடைகள் இருக்கின்றன, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. புது ஆளுக்கு மாடு பால் இறக்காது என்பார்கள். அடிக்கடி ஆளை மாற்றாமல் ஒரே ஆட்களையே வைத்துக்கொண்டு, விடுப்புக்கு முன்பு ஓரிரு வேளை உடன் இருந்து பழக்கிவிட்டால் பெரும்பாலான மாடுகள் ஒத்துக்கொள்ளும். பத்துக் கட்டுத்தறி ஏறி இறங்கும் கை, மடிநோயையும் கோமாரியையும் கொண்டுவந்து சேர்க்கலாம் என்பது இதைவிட நியாயமான அச்சம். சோப்பும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கட்டாயமாக இருக்க வேண்டும், கோமாரி கண்ட வீட்டுக்கு மாற்று ஆள் போகவே கூடாது. மூன்றாவது தடை யாரும் வெளியே சொல்லாதது. யார் யாருடைய கட்டுத்தறிக்குள் வரலாம், யார் தொட்டுக் கறக்கலாம் என்ற சாதிக் கணக்கு எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. எல்லார் வீட்டுப் பாலும் ஒரே கேனில் கலந்து நகரத்துக்குப் போகும்போது வராத தீட்டு, கறக்கும் கையில் மட்டும் எப்படி வருகிறது என்று நான் கேட்டால் வீட்டில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். மாற்று ஆளைச் சொசைட்டியே நியமித்து, பெயர் பார்த்து மறுக்கிறவருக்கு விடுப்பு கிடையாது என்று விதியிலேயே எழுதினால்தான் இது நடக்கும்.

எங்கள் சொசைட்டியின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்க எழுத்தில் கொடுக்கிறோம். உறுப்பினர் அட்டை என் வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் அதில் கையெழுத்து அவருடையதாக இருக்கும். எழுதியது நான்.